உறங்காமணி ஏன் படுத்தாள்?

"உலகத்துல எந்த நாகரிகமும் போரால அழியல மச்சான். பஞ்சத்தாலயும் அழியல. ஆள் இல்லாத வாசல்ல எரிஞ்சுக்கிட்டிருந்த விளக்காலதான் அழிஞ்சுது."

இதைச் சொன்னவர் ஒரு துப்பறிவாளர். நெடுநெடுவென்ற உயரம், ஒற்றைக் காலில் எடையைப் போட்டு நிற்கும் பழக்கம், எதிராளி தானாகவே வந்து மாட்டும் வரை இமை கொட்டாத பொறுமை ஆகியவற்றை முன்னிட்டு ஊர் அவருக்கு வைத்த பெயர் கொக்கு. கேட்டுக்கொண்டிருந்தவன் அவருடைய உதவியாளன், அவர் மனைவியின் தம்பி. அக்கா எங்கே போனாலும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறவன் என்பதால் அவனுக்கு வால் என்று பெயர்.

"எந்த நாகரிகம் அத்தான்? பேரைச் சொன்னா குறிச்சு வச்சுக்குவேன்."

"பேரெல்லாம் இருட்டுல போச்சு."

"விளக்குதான் எரிஞ்சுக்கிட்டிருந்துதே?"

கொக்கு இதற்குச் சிரிக்கவில்லை. அவர் சிரித்து வெகு காலம் ஆகிவிட்டது. கோபப்பட்டும்தான். முகம் என்ற ஒன்று அவரிடம் இருந்தது, அவ்வளவுதான். அதை வைத்து அவர் எதுவும் செய்வதில்லை.

"நேத்தும் உங்க அக்கா வாசல் விளக்கைப் போட்டு வச்சிருந்தா. எதுக்கு? எனக்கு என் வீடு தெரியாதா? விளக்கு எரிஞ்சா நான் சீக்கிரம் வந்துடுவேனா? சுத்த மூட நம்பிக்கை. அதை அணைச்சுட்டுத்தான் செருப்பையே கழட்டினேன். நல்லவேளை, இன்னிலேர்ந்து ஆஸ்பத்திரியில அவளுக்கு மாலை ஷிப்ட். எனக்கு அப்புறம்தான் வருவா. இந்த வாரம் வாசல் நிம்மதியா இருட்டா இருக்கும்."

வாலுக்குப் புதிய செய்தி எதுவும் இதில் இல்லை. அந்த வீட்டில் கணவனும் மனைவியும் சில வருஷங்களாகப் பேசிக்கொள்வது அந்த ஸ்விட்ச் வழியாகத்தான். அவள் போடுவாள், இவர் அணைப்பார். அதைச் சண்டை என்றும் சொல்ல முடியாது. சண்டை என்றால் இரண்டு பேராவது நேரில் வந்திருக்க வேண்டும்.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த ஒருவர் நாற்காலியில் முட்டிக்கொண்டார். கொக்குவின் ஆபீஸில் பகலில் விளக்குப் போடும் வழக்கம் இல்லை. ஜன்னல் போதும் என்பது கொள்கை, ஜன்னலுக்கு எதிரே ஆறு மாடிக் கட்டடம் இருப்பது வேறு விஷயம். முட்டிக்கொண்டவர் "ஐயோ" என்றுகூடச் சொல்லவில்லை. நாற்காலியைத் தடவிப் பார்த்து அதிலேயே உட்கார்ந்தார். சட்டைப் பொத்தான்களை வரிசையாக ஒரு ஓட்டை தள்ளி மாட்டியிருந்தார்.

"தீவனப் பயிர் ஆராய்ச்சி நிலையத்துல மூத்த விஞ்ஞானி. எல்லாரும் புல் டாக்டர்னு கூப்பிடுவாங்க. ஆனா நான் ஆராய்ச்சி பண்றது புல் இல்ல. குதிரைமசால். அது பயறுக் குடும்பம்."

"குடும்பத்துல எல்லாரும் சௌக்கியமா?" என்றான் வால்.

"செடி திருடு போயிடுச்சு."

"யார் மேலயாவது சந்தேகம்?" என்றார் கொக்கு.

"சந்தேகம் இல்ல. திருடினது என் மச்சினி."

வால் நிமிர்ந்து உட்கார்ந்தான். மச்சினன் பதவியில் இருப்பவன் என்ற முறையில் அவனுக்கு மச்சினிகள் மேல் ஒரு தொழிற்சங்கப் பாசம் உண்டு.

"முழுசா சொல்லுங்க. செடின்னா எனக்கு என் மச்சான் தலைமுடி மாதிரி, எல்லாம் ஒண்ணுபோலத்தான் தெரியும்" என்றார் கொக்கு.

புல் டாக்டர் சொன்னார். சந்தை நிலவரம் வாசிக்கும் குரலில் சொன்னார்.

"குதிரைமசால் மாட்டுத் தீவனம். கோடையில எல்லா ரகமும் ஒரே மாதிரி திமுதிமுன்னு வளரும். இலையுதிர் காலம் வந்து பகல் சுருங்க ஆரம்பிச்சதும்தான் குணம் தெரியும். சில ரகம் தரையோட தரையா படுத்துத் தூங்கிடும். சில ரகம் நின்னு வளரும். தூங்கறது பனியைத் தாங்கும், வசந்தத்துல மறுபடி எழுந்துக்கும். தூங்காதது முதல் உறைபனிக்கே செத்துடும். இந்த ரெண்டு குணமும் பரம்பரையில ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டே இறங்குது. மாடு வளர்க்கறவனுக்குப் பனிக்கு முன்னாடி இன்னொரு அறுப்பும் வேணும், செடி சாகவும் கூடாது. நான் அந்த ஒட்டைப் பிரிச்சேன். தூங்காது, சாகவும் சாகாது. உறங்காமணின்னு பேர் வச்சேன்."

"தூங்காம, சாகாம, சும்மா நிக்கும். எங்க அத்தான் ரகம்" என்றான் வால்.

புல் டாக்டர் அவனைப் பார்த்தார். கோபமா என்று வால் தேடினான். ஒன்றும் இல்லை. அந்த முகத்தை வைத்தும் அவர் எதுவும் செய்வதில்லை போலிருந்தது. ஒரே அறையில் இப்படி இரண்டு முகங்கள் இருந்தது வாலுக்கு என்னவோ போலிருந்தது.

"என் வீட்டுப் பின்னாடிதான் அந்த வயல். ஒவ்வொரு இலையுதிர் காலத்துலயும் நிமிர்ந்து நின்ன செடி, இந்தத் தடவை பகல் சுருங்கினதும் மொத்தமா படுத்துடுச்சு. உறங்காமணி படுக்காது. அப்ப அது உறங்காமணி இல்ல. கோடையில யாரோ மாத்தி நட்டிருக்காங்க. கோடையில பார்த்தா வித்தியாசம் தெரியாது இல்லையா? ரகம் தெரிஞ்ச கைதான் அந்த நேரம் பார்த்து மாத்தும். என் மச்சினி மரபணுப் பரிசோதனைக்கூடத்துல வேலை பார்க்கறா. விதையை வெளியிடலாம்னா ஒவ்வொரு தடவையும் ஏதோ பரிசோதனை பாக்கின்னு தள்ளிப் போட்டவளும் அவதான். போதாததுக்குப் பொழுது சாஞ்சப்புறம் வயல் நடுவுல லைட்டோட இருந்ததைக் காவலாளி பார்த்திருக்கான். கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா. நாளைக் காலைல விசாரணை. அவ வேலை போயிடும். அதுக்குள்ள என் செடி எங்க இருக்குன்னு நீங்க கண்டுபிடிக்கணும்."

"உங்க மனைவியோட தங்கச்சிக்கு வேலை போகப் போகுது. உங்களுக்கு எப்படி இருக்கு?" என்றார் கொக்கு.

"ஒண்ணும் தோணல. கோடைத் தொடக்கத்துல என் மனைவி தவறிட்டா. அதுக்கப்புறம் எதுவும் தோணறதில்ல. பசிகூட."

வாலிடம் அடுத்த நகைச்சுவை தயாராக இருந்தது. அதை அப்படியே விழுங்கினான்.

* * *

வயல் என்றதும் வால் ஏதோ கடல் போலக் கற்பனை செய்திருந்தான். அது ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவுதான் இருந்தது. ஒரு பக்கம் நிலையத்தின் குடியிருப்பு வீடு, அதன் பின்கதவு, கதவுக்கு முன்னால் சிமென்ட் தண்ணீர்த் தொட்டி, தொட்டியைத் தாண்டி வரிசை வரிசையாகச் செடிகள். வரிசைக்கு ஒரு மரக் குச்சி, குச்சியில் எண். எல்லாச் செடியும் யாரோ மிதித்துவிட்டுப் போனது போலப் படுத்திருந்தது. வகுப்பில் ஆசிரியர் பாடம் எடுக்கும்போது வால் இருந்த நிலையும் ஏறக்குறைய இதுவேதான்.

"தூக்கம்னா இதானா? ரொம்ப நாகரிகமா தூங்குதுங்க. குறட்டை இல்ல."

"அங்க மட்டும் ஏன் நிக்குது?" என்றார் கொக்கு.

வயலின் தூரத்து மூலையில், காய்ந்த பாய் போல விரிந்து கிடந்த செடிகளுக்கு நடுவே ஒரு சின்ன வட்டம் மட்டும் பச்சைப் பசேலென்று நிமிர்ந்து நின்றது. வழுக்கைத் தலையில் தப்பிப் பிழைத்த குடுமி மாதிரி.

"அதுதான் என் உண்மையான உறங்காமணி. மத்ததை எல்லாம் மாத்திட்டு அங்க வரதுக்குள்ள காவலாளி பார்த்துட்டான். அதான் அது மிச்சம்" என்றார் புல் டாக்டர்.

"இதோட வேர் எவ்வளவு ஆழம் போகும்?"

"இத்தனை வருஷச் செடி. ஆள் உயரத்துக்கும் மேல."

"மச்சான், ஒண்ணைப் பிடுங்கு."

வால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, படுத்திருந்த ஒரு செடியின் அடிக்கட்டையை இரண்டு கையாலும் பற்றி இழுத்தான். செடி வரவில்லை. இன்னும் இழுத்தான். அடுத்த கணம் வானம் தெரிந்தது. அவன் கையில் நாலு இலை இருந்தது.

"தூங்கறவங்களை எழுப்பக் கூடாதுன்னு சொல்வாங்க" என்றான் படுத்தபடியே.

கொக்கு ஒற்றைக் காலில் நின்று தரையைப் பார்த்தார். "ஒரு செடியைப் பிடுங்கவே முதுகு போயிடுச்சு. மொத்த வயலையும் மாத்தினவ ஒரு குழிகூட விடல, மண்ணைக்கூடக் கிளறல. அடிக்கட்டையில பழைய அறுப்புத் தழும்பு எல்லாம் அப்படியே இருக்கு. கோடையில நட்ட செடிக்கு இவ்வளவு தழும்பு வருமா சார்?"

"அவ கெட்டிக்காரி" என்றார் புல் டாக்டர். நம்பிச் சொன்னாரா, யோசிக்கச் சோம்பல்பட்டுச் சொன்னாரா என்று தெரியவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்க்காமலே பார்த்தார். "நான் லேபுக்குப் போகணும்" என்று போய்விட்டார்.

கொக்கு நிமிர்ந்து நின்ற வட்டத்தின் நடுவில் போய்க் குனிந்தார். ஈர மண்ணில் நாலு சின்னப் பள்ளங்கள், சதுரமாக.

"மச்சான், இது என்ன?"

"நாலு கால் இருக்கு. ஒண்ணு மாடு, இல்லேன்னா ஸ்டூல். மாடு இவ்வளவு நேரம் ஒரே இடத்துல நிக்காது. அதுவும் சாப்பாட்டுக்கு நடுவுல."

"திருட வந்தவ ஸ்டூல் போட்டு உக்காருவாளா?"

வால் எழுந்து புட்டத்து மண்ணைத் தட்டினான். "உக்காந்துதான் இருக்கா. அவ உக்காந்த இடத்தைச் சுத்தி மட்டும் செடி தூங்கல. அவ்வளவு சுவாரசியமா என்ன பேசியிருப்பா அத்தான்?"

* * *

மரபணுப் பரிசோதனைக்கூடம் மருந்துக் கடையும் சமையலறையும் கலந்த வாசனையில் இருந்தது. புல் டாக்டரின் மச்சினி நாற்பதைத் தொடும் வயது, இறுக்கிக் கட்டிய கொண்டை, மேசையில் பாதி காலி செய்த அட்டைப் பெட்டி. நாளைக்கு வேலை போகும் என்று அவள் இன்றே ஒத்துக்கொண்டு பெட்டி கட்டத் தொடங்கியிருந்தாள்.

"நான் எதையும் எடுக்கல. எதையும் மாத்தல. அதுக்கு மேல கேக்காதீங்க."

"மேடம், நானும் மச்சினன்தான். அத்தான்ங்கற ஜாதியைப் பத்தி எனக்கு நல்லாத் தெரியும். பயப்படாம சொல்லுங்க" என்றான் வால்.

அவள் உதடு ஒரு பக்கம் அசைந்தது. சிரிப்பு அதுவரைதான் வந்தது.

"உங்க அத்தான் உங்களைத் திருடின்னு சொல்றார். கோபம் வரலையா?" என்றார் கொக்கு.

"அவர் ஏதாவது சொல்றாரே. அக்கா போனப்புறம் ரெண்டு மாசம் அதுகூடச் சொல்லல."

வாலின் கண் அலமாரிக்குப் போனது. குடுவைகளுக்கு நடுவே ஒரு எமர்ஜென்சி விளக்கு சார்ஜில் கிடந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதன் நாலு காலிலும் காய்ந்த மண். அவன் கொக்குவுக்குக் கண்ணைக் காட்டினான். கொக்கு அதைப் பார்க்கவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரில் ஒரு பெரிய புகைப்படம். போன இலையுதிர் காலத்தில் உறங்காமணிக்குப் பரிசு கிடைத்தபோது, வீட்டு மொட்டை மாடியிலிருந்து எடுத்தது. வயல் முழுக்கச் செடிகள் இடுப்பளவுக்கு நிமிர்ந்து நின்றன. முன்னால் புல் டாக்டர் கேடயத்தோடு நின்றார். சற்றுத் தள்ளி, கேமராவைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சிரித்தபடி ஒரு பெண்.

"இது அக்காவா?"

"ம்."

"இது?" கொக்குவின் விரல் படத்தின் நடுவில் இருந்தது. நிமிர்ந்த செடிகளுக்கு நடுவே ஒரு பகுதி மட்டும் படுத்துக் கிடந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குறுகலாகத் தொடங்கி, போகப் போக அகன்று, ஒரு ஆப்பு வடிவில்.

"தொட்டி நிழல்" என்றாள் அவள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"இந்தப் படத்தைக் கொஞ்சம் எடுத்துக்கவா?"

"வேண்டாம்."

வேலை போகும் என்று பெட்டி கட்டியபோதும், திருடி என்றபோதும் அசையாத முகம் இப்போது வெளுத்திருந்தது. கொக்கு படத்தை ஆணியிலிருந்து கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவள் தடுக்கவில்லை.

* * *

"நிழல்னா நிழல்தானே அத்தான்? தொட்டி இருக்கு, நிழல் விழுது, செடி சோம்பல்படுது. இதுல என்ன துப்பு?"

கொக்கு வயல் ஓரத்தில் கிடந்த சணல் கயிற்று உருண்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"தொட்டி நிழல் காலைல எந்தப் பக்கம் விழும்?"

"மேற்கே."

"சாயந்திரம்?"

"கிழக்கே."

"அப்ப சூரியன் போட்ட நிழல் இப்படி ஒரே இடத்துல ஆப்பு அடிச்ச மாதிரி எப்படி நிக்கும்? சூரியன் நடக்கும், நிழலும் கூடவே நடக்கும். நகராத நிழல் வேணும்னா நகராத வெளிச்சம் வேணும் மச்சான்."

வால் வாயைத் திறந்தான். மூடினான். திறந்து, மறுபடியும் மூடினான். அவன் வாழ்க்கையில் இது அபூர்வம்.

படத்தில் ஆப்பின் இடது ஓரம் எந்த எண் குச்சியில் முடிகிறது என்று கொக்கு சொன்னார். வால் அந்தக் குச்சியில் கயிற்றைக் கட்டி, தொட்டியின் இடது விளிம்பைத் தொட்டுக்கொண்டு நேராக வீட்டைப் பார்த்து இழுத்துப் போனான். வலது ஓரக் குச்சியிலிருந்து இன்னொரு கயிறு, தொட்டியின் வலது விளிம்பைத் தொட்டு, அதுவும் வீட்டைப் பார்த்து. இரண்டு கயிறும் தொட்டியைத் தாண்டியதும் ஒன்றை ஒன்று நெருங்கின. கடைசியில் வால் இரண்டு நுனியையும் ஒரே கையில் பிடித்தபடி, புல் டாக்டர் வீட்டின் பூட்டிய பின்கதவில் மூக்கு இடிக்க நின்றான்.

"அத்தான், கயிறு தீர்ந்துது."

"மேல பாரு."

கதவுக்கு மேலே ஒரு பல்பு இருந்தது. சாதாரணக் குண்டு பல்பு. அதற்கும் சுவருக்கும் இடையே ஒரு சிலந்தி, யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்ற உறுதியோடு பெரிய வீடாகக் கட்டி வைத்திருந்தது.

"அக்கா விளக்கு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மச்சினி அவர்கள் பின்னாலேயே வந்திருந்தாள். கயிறுகளைப் பார்த்ததும் அவளுக்கு மறைக்க வேண்டிய மிச்சம் எதுவும் இருக்கவில்லை. தொட்டித் திண்டில் உட்கார்ந்தாள்.

"அத்தான் லேப்ல உக்காந்தா எழுந்துக்க மாட்டார். எப்ப வருவார்னு தெரியாது. இந்த வயல் ஓரமாத்தான் நடந்து வருவார், இந்தக் கதவு வழியாத்தான் உள்ள போவார். அதுக்காக அக்கா பொழுது சாஞ்சதும் விளக்கைப் போட்டுடுவா. அவர் வர வரைக்கும் எரியும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து."

"செடிக்குப் பொழுது சாயவே இல்ல" என்றார் கொக்கு.

"ஆமா. அது பாவம், இன்னும் பகல்தான்னு நினைச்சுக்கிட்டு நின்னுக்கிட்டிருந்துது. உறங்காமணின்னு ஒரு ரகமே கிடையாது. நான் மரபணுவைப் பார்த்துட்டேன். அது நல்லா ஆழமாத் தூங்கற ஜாதி. அதான் பனியில சாகல. தூங்க விடாம வச்சது அக்கா."

"எப்ப தெரியும் உங்களுக்கு?" என்றான் வால். குரலில் வழக்கமான குறும்பு இல்லை.

"ரெண்டு வருஷமா. அக்காகிட்ட மட்டும் சொன்னேன். அவ விழுந்து விழுந்து சிரிச்சா. 'அவர்கிட்ட சொல்லாதடி. தினமும் இந்த விளக்குக்காகத் திட்டறார். தான் பேரு வாங்கினது இதாலதான்னு தெரிஞ்சா திட்டறதுக்குக்கூட ஒண்ணும் இருக்காது'ன்னா. அதுக்கப்புறம் அவர் வந்து அணைச்சாலும், அவர் தூங்கினதும் எழுந்து போய் மறுபடி போட்டுடுவா. ஆஸ்பத்திரியில கடைசியா என் கையைப் புடிச்சுக்கிட்டு, விளக்கைப் பார்த்துக்கோன்னா."

"ஸ்விட்ச் உள்ள இருக்கு. அவர் இந்தக் கதவைப் பூட்டிட்டார்" என்றார் கொக்கு.

"பூட்டினவர் திறக்கவே இல்ல. அதான் எமர்ஜென்சி விளக்கை எடுத்துக்கிட்டு வந்து உக்காந்தேன். அது எவ்வளவு தூரம் எட்டும்? நாலு அடி. மத்தது எல்லாம் படுத்துடுச்சு."

கொக்கு ஒற்றைக் காலிலிருந்து இரண்டு காலுக்கு வந்தார். "இந்த விதை வெளிய போச்சுன்னா? வாங்கற மாட்டுக்காரன் வயலுக்கெல்லாம் யாரு விளக்கு வைக்கறது?"

"அதான் போகவே விடலையே. பரிசோதனை பாக்கி, பரிசோதனை பாக்கின்னு நான் தள்ளிக்கிட்டே இருந்தது அதுக்குத்தான். யாரையும் ஏமாத்தல. அவர் ஒருத்தரைத் தவிர." அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "எனக்கு வேலை போனா இன்னொண்ணு தேடிக்குவேன். அவருக்கு மிச்சம் இருக்கறது இந்தச் செடி ஒண்ணுதான். திருடு போச்சுன்னா எங்கயோ இருக்குன்னு அர்த்தம். இல்லவே இல்லைன்னா? தயவுசெஞ்சு அவர்கிட்ட..."

பின்கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் நகர்ந்தது. கோடையிலிருந்து நகராத தாழ்ப்பாள். அதற்கும் மனமில்லை போல முனகிக்கொண்டே நகர்ந்தது. கதவு திறந்தது. புல் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். கையில் தண்ணீர் டம்ளர்.

"லேபுக்குப் போறேன்னீங்களே?" என்றான் வால்.

"போனேன். இப்பல்லாம் சீக்கிரமே வந்துடறேன். முன்வாசல் வழியா வந்து அடுக்களையில உக்காந்திருந்தேன். முன்னாடி எல்லாம் லேட்டாத்தான் வருவேன். இப்ப லேட்டாகி என்ன பண்றது?"

அவர் எவ்வளவு கேட்டார் என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவர் டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, கதவுக்கு உள்ளே கையை விட்டு, பார்க்காமலே ஸ்விட்சைப் போட்டார்.

மங்கிக்கொண்டிருந்த பொழுதில் பல்பு எரிந்தது. சிலந்தி அவசரமாகச் சுவருக்கு ஓடியது. வெளிச்சம் தொட்டியைத் தாண்டி, படுத்துக் கிடந்த செடிகளின் மேல் மஞ்சளாகப் பரவியது. தொட்டிக்குப் பின்னால், இரண்டு கயிறுகளுக்கு நடுவில் மட்டும், அச்சு அசலாக ஆப்பு வடிவில் இருட்டு விழுந்தது.

புல் டாக்டர் அதை நெடுநேரம் பார்த்தார்.

"பகல் எவ்வளவு நீளம், எவ்வளவு குறுகுது, எந்த ஜீனுக்கு அது எப்படித் தெரியுதுன்னு வாழ்க்கை முழுக்க அளந்தேன். இந்த பல்புக்குக் கீழதான் தினமும் செருப்பைக் கழட்டினேன்." குரல் அதே சந்தை நிலவரக் குரல். "வெட்டியா எரியுதுன்னு திட்டுவேன். எனக்கு வழி தெரியாதான்னு கேப்பேன். ஒரு நாள்கூட அவ எதிர்த்துப் பேசினதில்ல."

வாலின் கண் தானாகக் கொக்குவிடம் போனது. கொக்கு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புல் டாக்டர் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். நிலைய இயக்குநர் எடுத்திருக்க வேண்டும்.

"நாளைக்கு விசாரணை வேண்டாம். திருடு போகல... இல்ல, கிடைக்கவும் இல்ல. அப்படி ஒரு ரகமே இல்ல. பரிசைத் திருப்பி அனுப்பணும், எந்த விலாசம்னு கேட்டுச் சொல்லுங்க... ஆமா, நல்லாத் தெரியும். தப்பு என்னோடது. அந்தப் பொண்ணு ஒழுங்காத்தான் வேலை பார்த்திருக்கா, நான்தான் பார்க்கல."

போனை வைத்தார். அழுவார் என்று வால் எதிர்பார்த்தான். அவர் அழவில்லை. படியில் உட்கார்ந்து, ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சரியாக மாட்டத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டு மச்சினியிடம் கேட்டார்.

"அந்த மூலை ரொம்பக் குளிருமே. தினமும் எவ்வளவு நேரம் உக்காந்திருந்த?"

"செடிக்குப் போதாத நேரம் அத்தான்."

"பசிக்குது" என்றார் அவர். சொல்லிவிட்டுத் தானே ஆச்சரியப்பட்டது போல நிமிர்ந்தார்.

அவள் எழுந்து உள்ளே போனாள். விளக்கை யாரும் அணைக்கவில்லை. இத்தனைக்கும் இன்னும் முழுதாக இருட்டவில்லை. கொக்குவின் கணக்குப்படி ஒரு நாகரிகம் அழியப் போதுமான வெளிச்சம் அது. அவர் கயிற்றைச் சுருட்டினார்.

* * *

திரும்பும் வழியில் பேருந்தில் கொக்கு பேசவில்லை. அதில் விசேஷம் இல்லை. வாலும் அதிகம் பேசவில்லை, அதுதான் விசேஷம். ஒரே ஒரு முறை ஆரம்பித்தான். "மச்சினி சங்கத்துக்கு இன்னிக்கு வெற்றி அத்தான்" என்றான். கொக்கு ஜன்னல் வழியே வரிசையாகப் போன வாசல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலவற்றில் விளக்கு இருந்தது, சிலவற்றில் இல்லை.

வீட்டு வாசல் அவர் விரும்பியபடியே இருட்டாக இருந்தது. கொக்கு பூட்டைத் தேடினார். சாவி இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை நுழைந்தது. தன் வீட்டு வாசலில் தனக்கு வழி தெரியாது என்பதை அவர் சாட்சியோடு நிரூபித்துக்கொண்டிருப்பதை வால் பின்னால் நின்று மரியாதையாக வேடிக்கை பார்த்தான்.

உள்ளே போன கொக்கு ஹால் விளக்கைப் போட்டார், அடுக்களைக்குப் போனார், தண்ணீர் குடித்தார், ஹால் விளக்கை அணைத்தார். பழக்கம். வெளியே படியில் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்த வாலுக்கு முடிச்சு தெரியவில்லை. நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தான்.

சட்டென்று முடிச்சு தெரிந்தது.

நிமிர்ந்து பார்த்தான். தலைக்கு மேலே வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவு திறந்தே இருந்தது. இருட்டான ஹாலில் தெருவைப் பார்த்தபடி, அக்கா வழக்கமாக உட்காரும் நாற்காலியில் கொக்கு உட்கார்ந்திருந்தார். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"என்ன அத்தான், ஸ்விட்ச் ஏதாவது மாறிப் போச்சா?"

"பல்பு ஒழுங்கா எரியுதான்னு பார்க்கறேன்."

"எரியுதா?"

"பார்த்துக்கிட்டிருக்கேன்."

வால் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். அக்கா வரும் கடைசிப் பேருந்துக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.